ஜிம் நோட்டில் எடை, செட், ரெப்ஸை எப்படி எழுதினால் பிறகு பயன்படும்?

கேட்டிருப்பது இதுதான்: சில மாதங்களாக எடை, செட் (இடைவிடாமல் எடுக்கும் ஒரு சுற்று), ரெப்ஸ் (அந்தச் சுற்றில் எத்தனை முறை) எல்லாவற்றையும் தவறாமல் எழுதுகிறீர்கள். ஆனால் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் பலம் கூடியதா, அப்படியே நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை. எதை, எப்படி எழுத வேண்டும்?

ஜிம் நோட்டுக்கு ஒரே ஒரு வேலைதான். அடுத்த முறை அதே பயிற்சிக்கு வந்து நிற்கும்போது எடையை ஏற்றுவதா, ரெப்ஸைக் கூட்டுவதா, அப்படியே வைப்பதா, இறக்குவதா என்று அது சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு நாள் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிய வேண்டும். பல நோட்டுகளில் எண் இருக்கும், அது எந்த நிலையில் வந்த எண் என்பது இருக்காது. உங்கள் சிக்கலும் அநேகமாக அதுதான்.

முதலில் குறியீடு. "3×5" என்று எழுதினால் மூன்று செட், ஐந்து ரெப் என்றுதான் பெரும்பாலானவர்கள் படிப்பார்கள். எடையை முன்னால் போட்டு "60×5×3" என்று எழுதினால் 60 கிலோ, ஐந்து ரெப், மூன்று செட் என்று வரிசை மாறிவிடும். இரண்டும் புழக்கத்தில் உள்ளன, இரண்டும் சரி. ஒரே நோட்டில் இரண்டையும் கலந்தால்தான் வம்பு: ஆறு வாரம் கழித்து அது ஐந்து செட்டா மூன்று செட்டா என்று உங்களுக்கே தெரியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். நான் பரிந்துரைப்பது எடையை எழுதி, ஒவ்வொரு செட்டிலும் வந்த ரெப்ஸைத் தனித்தனியாக வரிசையாகப் போடுவது: "60 × 5, 5, 4". மூன்றாவது செட்டில் ஒன்று குறைந்தது கண்ணில் படுகிறது. அதையே "60×5×3" என்று எழுதி முடித்துவிட்டால், மிக முக்கியமான தகவலை அழித்துவிட்டீர்கள். சராசரி போடுவதும் அதே தவறுதான்.

அடுத்தது எடை. இங்கேதான் அதிகமான பிழைகள் நடக்கின்றன.

பார்பெல்லில் (இரண்டு முனையிலும் பிளேட் மாட்டும் நீளமான கம்பி) எப்போதும் பாரையும் சேர்த்து மொத்த எடையை எழுதுங்கள். ஒலிம்பிக் அளவிலான ஆண்கள் பார் 20 கிலோ, பெண்கள் பார் 15 கிலோ. ஆனால் ஜிம்மில் கிடக்கும் எல்லா நீளமான பாரும் 20 கிலோ என்று நம்ப வேண்டாம். வளைந்த பார், குட்டை பார் எல்லாம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். எடை மெஷினில் ஒருமுறை நிறுத்துப் பார்த்து எழுதி வைத்தால் தீர்ந்தது. "ஒரு பக்கம் 20" என்று எழுதுகிறவர்கள் ஒருநாள் பக்க எடையையும், இன்னொரு நாள் மொத்த எடையையும் எழுதிவிடுவார்கள். 20 கிலோ பாரில் பக்கத்துக்கு 20 என்றால் மொத்தம் 60. நோட்டில் 60 மட்டுமே இருக்கட்டும். பிளேட் நழுவாமல் பிடிக்கும், போட்டிகளில் பயன்படும் கனமான காலர் ஒன்றே 2.5 கிலோ இருக்கும், ஜோடி 5 கிலோ. அதை மாட்டினால் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். சாதாரண ஸ்பிரிங் கிளிப்பை விட்டுவிடலாம்.

டம்பெல்லுக்கு ஒரு கையில் இருக்கும் எடையை எழுதுவதே வழக்கம். "15" என்றால் கைக்கு 15. இரண்டையும் கூட்டி 30 என்று எழுதுகிறவர்களும் உண்டு. எப்படி எழுதினாலும் கடைசிவரை அப்படியே எழுதுங்கள். பவுண்டு பிளேட்டும் கிலோ பிளேட்டும் கலந்து கிடக்கும் ஜிம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு பவுண்டு 0.4536 கிலோ. 45 பவுண்டு பிளேட் 20.4 கிலோ, ஒரு ஜோடியில் வரும் 0.8 கிலோ வித்தியாசம் ஸ்குவாட்டில் பெரிதில்லை, தோள் பிரஸ்ஸில் அது ஒரு வார முன்னேற்றத்துக்குச் சமம்.

மெஷின்களில் எண்ணை மட்டும் எழுதிப் பயனில்லை. ஒரு கேபிள் மெஷினில் 40 என்று ஊசி குத்தினால் கைக்கு 40 வரும். நகரும் கப்பி உள்ள இன்னொன்றில் அதே 40 கைக்கு 20 ஆகிவிடும். எனவே எந்த மெஷின் என்பதற்கு ஒரு அடையாளம் வேண்டும்: "ஜன்னலோர கேபிள்" என்று எழுதினாலும் போதும். கூடவே சீட் எந்த எண்ணில், முதுகுப் பலகை எந்தத் துளையில் என்பதும் வேண்டும். லெக் பிரஸ்ஸில் சீட்டை இரண்டு துளை பின்னுக்குத் தள்ளினால் முட்டி மடங்கும் அளவு குறைகிறது. உடனே 20 கிலோ கூடுதலாகத் தள்ள முடியும். அது பலம் கூடியதால் வந்தது இல்லை. ஸ்மித் மெஷினில் பார் தண்டவாளத்தில் மேலும் கீழும் ஓடும். பலவற்றில் அந்தப் பாருக்கு எதிர் எடை கட்டியிருப்பார்கள், அதனால் அதை 20 என்று கணக்கில் சேர்க்காதீர்கள். மாட்டிய பிளேட்டை மட்டும் எழுதி "ஸ்மித்" என்று குறித்துவிடுங்கள்.

புல்-அப், டிப்ஸ் போன்றவற்றில் உடல் எடையே சுமை. இடுப்பில் 10 கிலோ தொங்கவிட்டால் "+10". உடலைத் தாங்கி மேலே தூக்கிவிடும் உதவி மெஷினில் 20 வைத்தால் "−20". இங்கே எண் பெரிதாக ஆக வேலை சுலபமாகிறது, அதனால் குறி இல்லாமல் எழுதினால் தலைகீழாகப் படித்துவிடுவீர்கள். வாரம் ஒருமுறை உடல் எடையையும் குறித்து வையுங்கள். 72 கிலோவில் 8 புல்-அப் எடுத்தவர் 75 கிலோவில் அதே 8 எடுத்தால் முன்னேறியிருக்கிறார். நோட்டில் உடல் எடை இல்லையென்றால் அது தேங்கி நின்றதுபோலவே தெரியும். ரப்பர் பேண்டுக்கு கிலோ போட முடியாது, இழுக்க இழுக்க இழுவை கூடும். நிறத்தையும் எங்கே மாட்டினீர்கள் என்பதையும் எழுதினால் போதும்.

இனி ரெப்ஸ். எது ரெப் என்பதை நீங்களே முன்கூட்டி முடிவு செய்துகொள்ள வேண்டும். ஸ்குவாட்டில் இடுப்பு மடிப்பு முட்டியின் மேல்பகுதிக்குக் கீழே இறங்கியதா, பெஞ்ச் பிரஸ்ஸில் பார் நெஞ்சைத் தொட்டதா, எம்பி எழாமல் ஏறியதா? அந்த அளவைத் தொடாததை எண்ணாதீர்கள். பின்னால் நிற்பவர் விரல் வைத்துத் தூக்கிவிட்ட ரெப்பையும் எண்ணாதீர்கள். "60 × 5, 5, 4+1உ" என்று, உதவியோடு வந்த ஒன்றைத் தனியாக எழுதலாம். முயன்று தோற்றதற்கு ஒரு "தோ" போடுங்கள். நான்கோடு தானாக நிறுத்தியதும், ஐந்தாவதை முயன்று பார் பாதியில் நின்றதும் ஒன்றல்ல. அடுத்த வாரத்தின் முடிவு இரண்டுக்கும் வேறு வேறு.

இதோடு சேர்ந்ததுதான் எவ்வளவு சிரமம் என்ற குறிப்பு. எடையும் ரெப்ஸும் மாறாமல் இருக்கும்போதே நீங்கள் பலமாகிக்கொண்டிருக்கலாம். அதைக் காட்டக்கூடியது இது ஒன்றுதான், இதை விட்டுவிடாதீர்கள். ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கிய 6 முதல் 20 வரையான முயற்சி அளவுகோலில் இருந்து பிறந்த எண்ணத்தை, எடைப் பயிற்சிக்காரர்கள் பத்துக்குள் சுருக்கி, மிச்சமிருக்கும் ரெப்ஸோடு கட்டிவிட்டார்கள். 10 என்றால் இனி ஒன்றுகூட வராது, 9 என்றால் ஒன்று மிச்சம், 8 என்றால் இரண்டு மிச்சம். அந்தக் கணக்கு குழப்பினால் நேரடியாக மிச்சத்தையே எழுதுங்கள்: "மி2". புதிதாகத் தொடங்கியவர்களின் கணிப்பு தவறும். உண்மையில் நான்கைந்து மிச்சம் இருக்கும்போது இரண்டுதான் என்று தோன்றும். தோல்வியை நெருங்க நெருங்க கணிப்பு துல்லியமாகும். ஆகவே கடைசி செட்டுக்கு எழுதும் மிச்சத்தை அதிகம் நம்புங்கள்.

ஓய்வு நேரத்தையும் எழுத வேண்டும். மூன்று நிமிடம் உட்கார்ந்து எடுத்த 5, 5, 5-ஐயும் ஒன்றரை நிமிடத்தில் எடுத்த 5, 4, 3-ஐயும் ஒப்பிட்டு "இறங்கிவிட்டேன்" என்று வருந்துவதில் அர்த்தமில்லை. ஒரு பயிற்சிக்கு ஓய்வை நிர்ணயித்து, கடிகாரம் பார்த்து அதையே பின்பற்றினால் ஒருமுறை எழுதினால் போதும். பயிற்சிகளின் வரிசையும் அப்படித்தான். டெட்லிஃப்டுக்கு (பாரைத் தரையிலிருந்து தூக்குவது) பிறகு எடுத்த ரோவும் (எடையை உடலை நோக்கி இழுப்பது) அதற்கு முன் எடுத்த ரோவும் வேறு. பெல்ட், கைப்பட்டை, பிடியின் அகலம் ஆகியவற்றில் மாற்றம் வந்த நாளில் மட்டும் குறித்தால் போதும்.

ஒரு மாதிரி:

ஸ்குவாட், 20 பார், பெல்ட் இல்லை, ஓய்வு 3 நி.
வா: 20×8, 40×5, 60×3, 70×2
80 × 5 (மி3), 5 (மி2), 5 (மி1)
கடைசி ரெப்பில் உடல் முன்னால் சாய்ந்தது
அடுத்து: 82.5

"வா" என்பது வார்ம்-அப். அதைத் தனி வரியில் வையுங்கள், முக்கிய செட்டோடு கலக்காதீர்கள். "அடுத்து" என்ற கடைசி வரியை ஜிம்மை விட்டுக் கிளம்பும் முன்பே எழுதிவிடுங்கள். அந்த நேரத்தில் உடம்பு சொல்வது தெளிவாக இருக்கும். செட்டை மட்டும் முடித்த கையோடு, ஓய்வு நேரத்திலேயே குறிக்க வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதினால் 4 எல்லாம் 5 ஆகிவிடும்.

எழுதியதை எப்படிப் பயன்படுத்துவது? எளிமையான வழி, ஒரு ரெப் எல்லைக்குள் ஏறுவது. டம்பெல் பிரஸ் மூன்று செட், எல்லை 8 முதல் 12 என்று வைப்போம். 15 கிலோவில் 10, 9, 8 வந்தால் எடையைத் தொடாதீர்கள். அடுத்தடுத்த நாட்களில் 11, 10, 9 ஆகி, ஒருநாள் 12, 12, 12 வந்ததும் 17.5-க்குப் போங்கள். அங்கே 9, 8, 8-க்கு விழும், அது இயல்பு. லேசான டம்பெல்லில் தாவல் பெரிது: 10-லிருந்து 12.5 என்பது 25 சதவீதம், 30-லிருந்து 32.5 என்பது 8 சதவீதம்தான். அதனால் லேசான எடைகளுக்கு எல்லையை 15 வரை நீட்டி வையுங்கள். பார்பெல்லிலும் இதே கணக்குதான். 1.25 கிலோ ஜோடியால் 2.5 கிலோ ஏற்றினால் 120 கிலோ ஸ்குவாட்டில் அது 2 சதவீதம், 40 கிலோ தோள் பிரஸ்ஸில் 6 சதவீதத்துக்கு மேல். தோள் பிரஸ் முதலில் தேங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அரை கிலோ பிளேட் ஜோடி ஒன்று இருந்தால் பெரிய உதவி.

அதே எடையில் மூன்று முறை தொடர்ந்து ரெப்ஸும் கூடவில்லை, மிச்சமும் கூடவில்லை என்றால் மட்டுமே அதைத் தேக்கம் என்று சொல்லுங்கள். ஒரு மோசமான நாளை வைத்து முடிவெடுக்காதீர்கள். தேக்கம்தான் என்று தெரிந்தால் முதலில் தூக்கம், உடல் எடை, ஓய்வு நேரக் குறிப்புகளைப் பாருங்கள். அங்கே காரணம் எதுவும் இல்லையென்றால் எடையை 10 சதவீதம் இறக்கி மறுபடி ஏறுங்கள்.

ஒரே ஒரு ரெப் எடுக்கக்கூடிய அதிகபட்ச எடையைக் கணிக்க எப்லி சூத்திரம் இருக்கிறது: எடை × (1 + ரெப்ஸ் ÷ 30). பிரிசிக்கி சூத்திரம்: எடை × 36 ÷ (37 − ரெப்ஸ்). 80 கிலோவில் 5 ரெப் என்றால் முதலாவது 93.3 என்கிறது, இரண்டாவது 90 என்கிறது. பத்து ரெப்பில் மட்டும் இரண்டும் ஒரே விடை தரும். எதை எடுத்தாலும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரெப்புக்கு மேல் போன செட்டுகளுக்கு இவற்றைப் போட வேண்டாம்.

செட், ரெப், எடை மூன்றையும் பெருக்கி மொத்த டன் கணக்கு போடுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 60×10×3 என்றால் 1800 கிலோ, 80×5×4 என்றால் 1600. முதல் நாள் கடினமானது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஒரே பயிற்சி, ஏறக்குறைய ஒரே ரெப் எல்லை என்றால் மட்டும் வாரத்துக்கு வாரம் ஒப்பிடலாம். லெக் பிரஸ்ஸையும் ஸ்குவாட்டையும் கூட்டி ஒரு மொத்தம் போடுவது வீண் வேலை.

காகிதமா, ஆப்பா என்பது உங்கள் வசதி. ஆப்பில் ஒரு ஆபத்து: போன வார எண் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும், டிக் மட்டும் போட்டால் எடுக்காத ரெப் பதிவாகிவிடும். எக்ஸெல்லில் "3-5" என்று தட்டினால் அது தேதியாக மாறிவிடும். எழுதத் தொடங்கும் முன்பே அந்தப் பத்தியை உரை வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் தேதிக்குப் பின்னால் இருக்கும் ஐந்திலக்க எண்தான் கிடைக்கும், நீங்கள் தட்டியது திரும்ப வராது.