ஓவியம் போன வீடு

அன்புள்ள ஐயா,

ஆறு ஆண்டுகளாக என் ஓவியங்களை ஓர் இணையச் சந்தையின் வழியாக விற்று வருகிறேன். விற்பனை முடிந்ததும் ஓவியத்தைப் பொதிந்து அந்தத் தளத்தின் கிடங்குக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கிருந்து அது யாருக்குப் போகிறது என்பது எனக்குத் தெரியாது. பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. கணக்கில் பணம் வந்து சேரும். இதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இந்த ஆண்டு ஒரு சிக்கல் வந்தது. ஒரே வரிசையாகத் தீட்டிய ஐந்து ஓவியங்களில் நான்கு விற்றுப்போயின, ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் வலது ஓரத்தில் வண்ணம் செதில் செதிலாக எழும்பத் தொடங்கியிருக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் அடித்தளம் இட்டு, அதன்மேல் அவசரத்தில் அக்ரிலிக் தீட்டியதன் விளைவு அது. தவறு என்னுடையது. மற்ற நான்கையும் வாங்கியவர்களிடம் சொல்லிச் சரிசெய்து தர நினைத்து, முகவரிகளைக் கேட்டுத் தளத்துக்கு மூன்று முறை எழுதினேன். “வாங்குவோரின் தனியுரிமையை மதிக்கிறோம்” என்ற ஒரே பதில் மூன்று முறையும் வந்தது.

காட்சிக்கூடங்களில் விற்ற காலத்தில் வாங்கியவரோடு நின்று பேசியிருக்கிறேன். இப்போது என் ஓவியம் எந்தச் சுவரில் இருக்கிறது என்று அறியும் உரிமைகூட எனக்கு இல்லையா? கலைஞருக்கும் ரசிகருக்கும் நடுவே இப்படி ஒரு திரை தேவையா?

(என் பெயரை வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள ஓவியருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், வெளியிடவில்லை. காரணத்தை நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் ஓவியங்களை வாங்கிய நால்வரும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஒரே வேறுபாடு, உங்கள் பெயர் வாசகர்களுக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்குச் சொல்ல ஏதேனும் இருந்தால் நாளையே என்னால் சொல்ல முடியும். அந்த நால்வருக்கு உங்களால் சொல்ல முடியவில்லை. உங்கள் குறை முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெயர் தெரியாமல் இருப்பதில் அல்ல.

வாங்குபவனாக எனக்கு நேர்ந்த ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் மணநாளுக்குப் பரிசளிக்க, உள்ளங்கையளவு நீர்வண்ண ஓவியம் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். அந்தத் தளத்தில் ஓவியரே பார்சல் அனுப்புவார் என்பதால் என் பெயரும் முகவரியும் அவருக்குத் தெரியும். மகிழ்ச்சி மிகுதியில் அவர் ஓவியத்தின் படத்தைப் போட்டு, என் பெயரையும் சேர்த்து, முகநூலில் நன்றி சொல்லிவிட்டார். அதன் கீழே யாரோ விலையைக் கேட்க, அதையும் சொன்னார். பரிசு அஞ்சலில் வந்துகொண்டிருந்தபோதே நண்பர் படத்தையும் பார்த்துவிட்டார், விலையையும் தெரிந்துகொண்டுவிட்டார். ஓவியர்மேல் எனக்கு இன்றும் கோபமில்லை. ஆனால் அவரிடம் மறுபடி எதுவும் வாங்கவுமில்லை.

எனக்கு நேர்ந்தது வெறும் சங்கடம். தனியாக வாழும் ஒருவருக்கு அது அச்சமாகவே மாறியிருக்கும். விலையுயர்ந்த பொருள் எந்த வீட்டில் இருக்கிறது என்பது ஊரறிந்துவிட்டால் திருடர்களுக்கும் வழி தெரிந்துவிடுகிறது. இவற்றையெல்லாம்விட முக்கியமாக நான் நினைப்பது வேறு. ஒருவர் வாங்கும் மின்விசிறி அவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை, அவர் வாங்கும் ஓவியம் சொல்லிவிடும். நிர்வாண உருவம், மதம் சார்ந்த படம், ஆட்சியாளரைக் கேலி செய்யும் சித்திரம், துக்கத்தில் இருந்தபோது வாங்கிய இருண்ட நிலக்காட்சி என்று எதை எடுத்தாலும், அதை மாட்டிய சுவர் வீட்டின் உட்புறச் சுவர்தான். அதை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்த வீட்டுக்காரர்.

ஆகவே எந்தச் சுவரில் இருக்கிறது என்று அறியும் உரிமை உங்களுக்கு இல்லையா என்ற கேள்விக்கு, இல்லை என்பதே என் பதில். விற்ற பிறகும் சில உரிமைகள் கலைஞரிடம் இருக்கின்றன, பதிப்புரிமை பொதுவாக உங்களிடமே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் இயற்றிய மறுவிற்பனை உரிமை ஆணை, ஏலக்கூடம், காட்சிக்கூடம் போன்ற கலைச்சந்தைத் தொழில்முறையாளர் வழியாக ஓவியம் மறுபடி விற்கப்படும்போது விலையில் ஒரு பங்கை ஓவியருக்குத் தருகிறது. விற்பனை நடந்து 3 ஆண்டுகள்வரை, அந்தத் தொகையைப் பெறத் தேவையான தகவலைக் கேட்கும் உரிமையையும் தருகிறது. அங்கும் சட்டம் எங்கே கோடு கிழித்திருக்கிறது என்று பாருங்கள். தொகையைப் பெறத் தேவையானதைத்தான் கேட்கலாம், வீட்டு முகவரியைக் கேட்கலாம் என்று அது சொல்லவில்லை.

இந்த ஏக்கம் இணையத்தோடு வந்ததும் அல்ல. 1971இல் நியூயார்க்கில் சேத் சீகலாப் என்ற கலைக் கண்காட்சி அமைப்பாளரும் ராபர்ட் புரோஜான்ஸ்கி என்ற வழக்குரைஞரும் சேர்ந்து ஓவியர்களுக்காக ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தயாரித்தார்கள். படைப்பு கைமாறும்போதெல்லாம் மதிப்பு எவ்வளவு கூடியிருக்கிறதோ அதில் 15 விழுக்காடு கலைஞருக்கு வர வேண்டும், இப்போது யாரிடம் இருக்கிறது என்ற பதிவு அவருக்குத் தெரிய வேண்டும், 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை 2 மாதம் கண்காட்சிக்காகத் திரும்பப் பெற முடிய வேண்டும், பழுதுபார்க்குமுன் அவரைக் கலந்து பேச வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. ஹான்ஸ் ஹாக்கே போன்ற சிலர் அதை விடாமல் பயன்படுத்தினார்கள். பெரும்பாலோர் பயன்படுத்தவில்லை, ஏனெனில் அப்படிப்பட்ட தாளில் கையெழுத்திட வாங்குபவர்கள் தயங்கினார்கள். நீங்கள் இன்று கேட்பது அந்த நான்கில் கடைசியானதை மட்டும்தான், அதுவும் உங்கள் செலவில். அவ்வளவு எளிய கோரிக்கையை முகவரி வேண்டும் என்ற பெரிய கோரிக்கையாக மாற்றியது தந்திரமாகவும் சரியில்லை, நியாயமாகவும் சரியில்லை.

பெயர் தெரிந்தால் ஓவியம் எங்கே என்று தெரிந்துவிடும் என்பதும் உறுதியல்ல. வான்கோ தீட்டிய மருத்துவர் காஷேயின் உருவப்படம் ஒன்றை 1990இல் 8.25 கோடி டாலருக்கு ஏலத்தில் எடுத்தவர் ர்யோயெய் சாய்தோ என்ற ஜப்பானியத் தொழிலதிபர் என்பதை உலகமே செய்தித்தாளில் படித்தது. 1996இல் அவர் இறந்தார். அதன்பின் அந்தப் படம் பொதுமக்கள் கண்ணில் படவே இல்லை.

இதுவரை வாங்குபவர் பக்கம் பேசிவிட்டேன். இனி அந்தத் தளத்தின் பக்கம். அங்கே எனக்குக் கொஞ்சமும் அனுதாபமில்லை.

“வாங்குவோரின் தனியுரிமையை மதிக்கிறோம்” என்று உங்களுக்கு மூன்று முறை எழுதியவர்கள், அந்த நால்வரிடம் ஒருமுறையாவது கேட்டார்களா? உங்கள் ஓவியத்தில் வண்ணம் உரியக்கூடும், ஓவியர் சரிசெய்து தர விரும்புகிறார், அவர் உங்களுக்கு எழுதலாமா என்று கேட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்பவர் மிகக் குறைவாகவே இருந்திருப்பார். தனியுரிமை என்பது வாங்கியவரின் சொத்து, தளம் அதற்குக் காவல் மட்டுமே. வீட்டுக்காரரிடம் கேட்காமலே “அவர் யாரையும் பார்க்க மாட்டார்” என்று வாசலில் நின்று சொல்லும் காவலாளி, வீட்டுக்காரரின் விருப்பத்தைக் காக்கிறான் என்று நான் நம்பமாட்டேன். தளத்தின் அச்சம் வேறு. நீங்களும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டால் அடுத்த ஓவியம் நேராகக் கைமாறிவிடும், கமிஷன் போய்விடும். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வாங்குபவரைத் தேடிக் கொண்டுவந்தது அவர்கள்தான். அப்படியானால் அதை வெளிப்படையாக விதிமுறையில் எழுதட்டும். வாங்குபவரின் பெயரைச் சொல்லித் தன் வருமானத்தைக் காத்துக்கொள்ள வேண்டாம்.

சட்டம் தடுக்கிறது என்றும் அவர்கள் சொல்லக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் அடிப்படைகளுள் ஒன்று, ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய தகவலை அதற்குப் பொருந்தாத வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது. பொருளைக் கொண்டு சேர்க்க வாங்கிய முகவரியை உங்கள் கையில் கொடுக்க அவர்கள் தயங்குவது புரிகிறது. ஆனால் உங்கள் செய்தியை வாங்கி, தாங்களே அந்த முகவரிக்கு அனுப்பி வைப்பது வேறு காரியம். அதே ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குமுறை, ஆபத்தான பொருள் திரும்பப் பெறப்படும்போது அதை வாங்கியவர்களுக்கு நேரடியாகத் தெரிவிக்கும் கடமையை இணையச் சந்தைகளுக்கும் விதிக்கிறது. உங்கள் ஓவியத்தால் யாருக்கும் ஆபத்து இல்லை, அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் பழுதான மின்சாதனம் ஒன்றுக்குச் செய்ய முடிவது, மனமிருந்தால் உரியும் கேன்வாஸுக்கும் செய்ய முடிவதுதான். அமேசானில் வாங்குபவரின் உண்மையான மின்னஞ்சல் விற்பவருக்குக் காட்டப்படுவதில்லை. மாற்று முகவரி ஒன்றின் வழியாகவே இருவரும் எழுதிக்கொள்கிறார்கள். தொழில்நுட்பம் பழையது, செலவும் பெரிதில்லை.

திரை இருந்தாலும் கடிதம் போய்வர முடியும் என்பதற்கு இசை உலகில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. நதேஷ்தா வான் மெக் என்ற செல்வந்தப் பெண்மணி 1877 முதல் 1890 வரை இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கிக்கு ஆண்டுதோறும் பணம் அனுப்பி ஆதரித்தார். நேரில் சந்திக்கவே கூடாது என்பது அந்தப் பெண்மணியின் நிபந்தனை. ஆனால் அவர்களுக்கிடையே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் போய்வந்தன. அந்தத் திரையைப் போட்டவர் அவரேதான், நடுவில் நின்ற தரகர் இல்லை. உங்கள் தளம் செய்வதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, நீங்கள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். நான்காவது முறையாகத் தளத்துக்கு எழுதுங்கள், முகவரியைக் கேட்காதீர்கள். நான்கு ஆர்டர் எண்களையும் குறிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதத்தை இணைத்து, படித்துப் பார்த்து அனுப்பி வைக்குமாறு கேளுங்கள். அந்தக் கடிதத்தில் உங்கள் இணையதள முகவரியோ, புதிய ஓவியங்களைப் பற்றிய பேச்சோ ஒரு வரிகூட இருக்கக் கூடாது. இருந்தால் மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று சொல்லுங்கள். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம், எழும்பிய செதிலை விரலால் அழுத்த வேண்டாம், உதிர்ந்தால் துண்டுகளை ஒரு காகித உறையில் எடுத்து வையுங்கள் என்று எழுதுங்கள். சரிசெய்துதரவோ பணத்தைத் திருப்பித்தரவோ ஆயத்தமாக இருப்பதையும், தளத்தின் வழியாகவே பதில் எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.

இனி தீட்டுபவற்றுக்கு, கேன்வாஸின் பின்புறத்தில் தலைப்பு, ஆண்டு ஆகியவற்றோடு என்ன அடித்தளம், எந்த வண்ணம், எந்த வார்னிஷ் என்பதையும் எழுதிவிடுங்கள். 30 ஆண்டுகள் கழித்து அதைப் பழுதுபார்க்கப்போகும் ஒருவருக்கு உங்கள் தொலைபேசி எண்ணைவிட அந்த மூன்று வரிகள் பயன்படும். தொடர்பு முகவரியையும் எழுதலாமா என்பது தளத்தின் விதிமுறையைப் பொறுத்தது. பார்சலுக்குள் முகவரி அட்டை வைப்பதைத் தடுக்கும் விதிகள் உண்டு, படித்துப் பாருங்கள்.

ஐந்தாவது ஓவியத்தை விற்கவும் வேண்டாம், இப்போதைக்குச் சரிசெய்யவும் வேண்டாம். மாதம் ஒருமுறை, அதே சன்னலருகே, அதே நேரத்தில் அந்த வலது ஓரத்தைப் படமெடுத்து வையுங்கள். நால்வரில் ஒருவர் எழுதினாலும், அவர் வீட்டில் இருப்பது இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று அவருக்குச் சொல்ல உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.