501 மொய்யை ஹாங்காங்குக்கு எடுத்துப் போகாதீர்கள்

ஆன்சைட் கிளம்புகிறவர்கள், வெளிநாட்டு டீமோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் என்று பெங்களூர்த் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: மேடம், எங்கள் ஹாங்காங் டீம் லீடுக்குக் கல்யாணம், நேரில் போகிறேன். நம்ம வழக்கப்படி 501, 1001 என்று அவர்கள் டாலரில் வைத்தால் ரசிப்பார்களா?

ரசிக்க மாட்டார்கள், பதறிவிடுவார்கள். ஹாங்காங்கில் 101, 301, 501 என்று ஒன்றில் முடிகிற தொகை துக்க வீட்டுக்குக் கொடுப்பது. நமக்கு அந்த ஒரு ரூபாய் மேலும் பெருகட்டும் என்பதற்காக. அவர்களுக்கு இரட்டைப்படைதான் ஜோடிக்கு உரியது. எட்டு வந்தால் விசேஷம், நாலு எங்கேயும் தலைகாட்டக் கூடாது. கவர் சிவப்பாக இருக்கட்டும். நம்ம ஊர் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வெள்ளைக் கவர் வேண்டவே வேண்டாம், அது சாவுக்கு. தொகை விருந்து நடக்கும் இடத்தைப் பொறுத்தது. ஹோட்டல் என்றால் உங்கள் ஒருவர் சாப்பாட்டுச் செலவையாவது ஈடுகட்ட வேண்டும். அதே டீமில் இன்னொருவரிடம் கேட்டுவிடுங்கள். இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அதே நண்பர்: அப்படியானால் ஜப்பானிலும் இரட்டைப்படைதானா?

தலைகீழ். அங்கே கல்யாணத்துக்கு ஒற்றைப்படை. நண்பர், சக ஊழியர் என்றால் 30,000 யென் வழக்கம். 20,000 இரண்டாகப் பிரிந்துவிடும் என்று தயங்குவார்கள். அதையே ஒரு பத்தாயிரம், இரண்டு ஐயாயிரம் என மூன்று நோட்டாக வைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. நாலும் ஒன்பதும் ஆகாது. நோட்டு மடிப்பே விழாத புதிதாக இருக்க வேண்டும்.

பெரும்பாலும் தவறு நடப்பது கவரில். கல்யாணக் கவரின் மேல் கட்டியிருக்கும் கயிறு, இழுத்தால் அவிழாத முடிச்சாக இருக்கும். பூப்போல் கட்டி, இழுத்தால் அவிழ்வது குழந்தை பிறப்பு போன்றவற்றுக்கு. அவை திரும்பத் திரும்ப வரலாம், கல்யாணம் வரக் கூடாதில்லையா! கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவசரத்தில் கை அழகான பூ முடிச்சுக்குத்தான் போகும். விசேஷத்தன்று கவரைச் சின்னத் துணியில் சுற்றிக் கொண்டுபோய், வரவேற்பு மேஜை முன் பிரித்து, எழுத்து எதிரில் இருப்பவருக்கு நேராக வரும்படி திருப்பி, இரண்டு கையாலும் கொடுங்கள்.

துக்கத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கயிறு, பழைய நோட்டு. சலவை நோட்டு வைத்தால் சாவை எதிர்பார்த்து எடுத்து வைத்திருந்த மாதிரி ஆகிவிடும். புதுசுதான் கையில் இருக்கிறது என்றால் நடுவில் ஒரு முறை மடித்து வையுங்கள். ஆபீஸ் பழக்கம் மட்டும் என்றால் 5,000 யென் போதும். அப்புறம் அந்த வீட்டிலிருந்து தேயிலை, துண்டு மாதிரி ஏதாவது வரும், நீங்கள் வைத்ததில் மூன்றிலொரு பங்கிலிருந்து பாதி மதிப்புக்குள். வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் நீங்கள் மறுபடி ஒன்று அனுப்பினால் இது முடியவே முடியாது.

கோரமங்களாவிலிருந்து: கொரியக் கல்யாணம்?

வெள்ளைக் கவர்தான், பயப்படாதீர்கள்; அங்கே நல்லதுக்கும் கெட்டதுக்கும் அதே நிறம். பின்பக்கம் இடது ஓரத்தில் பெயர் எழுதுங்கள். 50,000 வோன், சாப்பிட்டுவிட்டு வருவதானால் 1,00,000. கவரைக் கொடுத்ததும் சாப்பாட்டு டோக்கன் தருவார்கள். அதை மறந்துவிட்டு நேராகப் பந்திக்குப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: அக்கா, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இரண்டு வருஷம் குடும்பத்தோடு இருக்கப் போகிறோம். மிக்ஸி, குக்கர் சத்தத்துக்கெல்லாம் போலீஸ் வருமா?

பகலில் இரண்டு நிமிஷம் சட்னி அரைப்பதற்கு யாரும் வர மாட்டார்கள். இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறு முழுக்கவும் அமைதி நேரம். சில கட்டடங்களில் மதியம் 1 முதல் 3 வரையும் உண்டு. வாடகை ஒப்பந்தத்தோடு வரும் வீட்டு விதிகளில் இருக்கும், கையெழுத்துக்கு முன் படியுங்கள். தலைவலி மிக்ஸியால் அல்ல, கிரைண்டரால். முக்கால் மணி நேரம் தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு அதிர்வு போகும். அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டு, பொதுச் சுவரை ஒட்டாமல் வைத்து, சனிக்கிழமை பகலில் அரைத்துவிடுங்கள். ஞாயிறு கடையும் மூடியிருக்கும் என்பதால் தயிர், கொத்தமல்லி எல்லாமே சனிக்கிழமை வேலைதான்.

ஸ்டுட்கார்ட் பக்கம் இன்னொன்று உண்டு. ஒரு நாள் உங்கள் கதவில் சின்னப் பலகை தொங்கும், 'கேர்வோகே' என்று. இந்த வாரம் பெருக்கும் முறை உங்களுடையது என்று அர்த்தம். சின்ன முறை என்றால் உங்கள் மாடிப்படியும் நடையும். பெரிய முறை என்றால் நிலவறை, முற்றம், வாசல் நடைபாதை, பனிக்காலத்தில் சில வீடுகளில் பனி தள்ளுவதும் சேரும். முடித்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். நம்மவர்கள் அதை ஏதோ அலங்காரம் என்று அப்படியே விட்டுவிடுவார்கள், பக்கத்து வீட்டுப் பாட்டி பேச்சை நிறுத்திவிடுவார்.

பாட்டில் விஷயம்: ஒரு தடவை பயன்படுத்தும் தண்ணீர், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள். நசுக்காமல், லேபிளைக் கிழிக்காமல் சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், கல்லாவில் காட்டினால் காசு. முன்பணம் இல்லாத ஜாம் பாட்டிலெல்லாம் தெருமுனைத் தொட்டிக்கு: வெள்ளை, பச்சை, பழுப்பு தனித்தனி. நீல நிறக் கண்ணாடி பச்சையில். அதையும் ஞாயிற்றுக்கிழமை போட்டு உடைக்காதீர்கள்.

மல்லேஸ்வரத்திலிருந்து: அம்மா சுத்த சைவம். ஜப்பான் டூர் போகிறோம். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் போதுமா?

போதாது. மிசோ சூப், உடோன் நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய் எல்லாவற்றுக்கும் அடித்தளம் பெரும்பாலும் உலர்ந்த மீனில் இறக்கிய சாறு. கண்ணுக்கு மீன் தெரியாது என்பதால் சமைப்பவரே அதைக் கணக்கில் எடுப்பதில்லை. 'இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு எதுவும் சேர்க்கக் கூடாது' என்று ஜப்பானிய எழுத்தில் அச்சடித்த அட்டையை ஆர்டருக்கு முன் காட்டுங்கள். நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமென்றால் கோயசான் மலையிலுள்ள மடங்களில் தங்குங்கள், அங்கே பௌத்தச் சைவச் சமையல். பருப்புப்பொடி எடுத்துப் போங்கள். புளிக்காய்ச்சல் வேண்டாம், ஜப்பானின் ஒட்டும் அரிசியில் பிசைந்தால் களியாகிவிடும். தயிர் சாதத்துக்கு மட்டும் அந்த அரிசியை அடித்துக்கொள்ள ஆளில்லை. கொரியா போனால் கிம்ச்சி என்ற காய்கறி ஊறுகாயிலேயே பெரும்பாலும் ஊறிய இறால் அல்லது மீன் சாறு இருக்கும்.

அல்சூரிலிருந்து: டிப்ஸ் எங்கே எவ்வளவு?

அமெரிக்காவில் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம். அநியாயமாகத் தோன்றும், ஆனால் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலரிலேயே நிற்கிறது. சில மாநிலங்களில் மட்டும் முழுக் கூலி. கூட்டமாகப் போனால் பில்லிலேயே சேர்த்திருப்பார்கள், பார்க்காமல் இரண்டு தடவை கொடுக்காதீர்கள். ஜெர்மனியில் மேஜையில் வைத்துவிட்டு வருவதில்லை, 27.40 யூரோ பில்லுக்குக் காசு கொடுக்கும்போதே "முப்பது" என்று சொல்லிவிட வேண்டும். ஜப்பானில் ஒன்றும் வேண்டாம். வைத்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வருவார்கள்.

பானஸ்வாடியிலிருந்து: ஜெர்மன் மேனேஜரை வாழையிலைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். என்ன சொல்லி வைப்பது?

அவரைவிட உங்கள் அம்மாவுக்குத்தான் சொல்லி வைக்க வேண்டும், தம்பி. அவர் "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். நம் வீட்டில் முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு, மூன்றாவதுதான் நிஜம். இலையைக் காலி செய்வது அவருக்கு 'நன்றாக இருந்தது, போதும்' என்று சொல்வது. உங்கள் அம்மாவுக்கு அது 'இன்னும் போடு'. பாவம், மனுஷன் சாப்பிடச் சாப்பிடச் சாம்பார் வந்துகொண்டே இருக்கும். இலைமேல் கையைக் குறுக்கே காட்டினால் நிறுத்தலாம், கடைசியில் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும், இந்த இரண்டையும் முன்கூட்டியே காட்டிக் கொடுங்கள். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிடுங்கள், இலையில் ஓடும் ரசத்தைப் பிடிப்பது முதல் நாள் ஆகிற காரியமில்லை. சாப்பாடு போடும் நேரத்தைச் சொல்லுங்கள், வரச் சொல்லும் நேரத்தை அல்ல. ஒரு மணி என்றால் ஒன்றுக்கே மணி அடிப்பார், அப்போதுதான் அப்பளம் பொரிந்துகொண்டிருக்கும்.

அவர் வீட்டுக்கு நீங்கள் போகும்போது இதே கணக்கு திரும்பும். காபி வேண்டுமா என்றால் முதல் தடவையே சரி சொல்லிவிடுங்கள், இரண்டாவது தடவை கேட்க மாட்டார்.

ஆர்.டி. நகரிலிருந்து: துபாய் கிளையன்ட் காபி ஊற்றிக்கொண்டே இருக்கிறார், எப்படி நிறுத்துவது?

பிடியில்லாத அந்தச் சின்னக் கோப்பையை வலது கையால் நீட்டி, இப்படியும் அப்படியுமாக லேசாக ஆட்டுங்கள். ஆட்டாமல் திருப்பிக் கொடுத்தால் மறுபடி ஊற்றுவார்கள்.

கே.ஆர். புரத்திலிருந்து: சிங்கப்பூரில் மகன் இருக்கிறான். அங்கே தெரியாமல் செய்து மாட்டிக்கொள்வது எது?

ஹாக்கர் சென்டர் என்னும் பொது உணவுக்கூடத்தில் சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வருவது. டிஷ்யூ பாக்கெட் வைத்த மேஜை ஏற்கெனவே ஒருவர் பிடித்த இடம், அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் முறைப்பு மட்டும்தான். தட்டுக்கு அப்படியில்லை, 2021 செப்டம்பரிலிருந்து நடவடிக்கை எடுக்கிறார்கள்: முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை, இரண்டாம் தடவை 300 சிங்கப்பூர் டாலர்.