கேளுங்கள், சொல்கிறோம்: டேப்லெட்டை டிவியாக்கலாமா?

சின்ன வீட்டில் சாமான்களை எப்படி அடக்குவது என்று கேட்டு வரும் கடிதங்களில் பாதி, கடைசியில் டிவியில்தான் வந்து நிற்கிறது. அதனால் இந்த முறை முழுக்க அந்தக் கேள்விகள்தான்.

*கேள்வி: கல்யாணமாகி பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். கட்டில், அலமாரி போட்டதும் நடக்கவே இடமில்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். டிவிக்குப் பதிலாக 11 அங்குல டேப்லெட் வாங்கினால் போதுமா? அதில் படம் பார்த்தால் படம் பார்த்த மாதிரியே இருக்காது என்கிறார் என் கணவர். (வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்)*

நீங்கள் இரண்டு பேர்தான் என்றால் போதும். ஆனால் உங்கள் கணவர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. 11 அங்குலத் திரையை இரண்டடி தூரத்தில் வைத்துப் பார்த்தால், ஆறடி தள்ளி இருக்கிற 32 அங்குல டிவி எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ கிட்டத்தட்ட அவ்வளவு தெரியும். அதே டேப்லெட்டை அலமாரி மேல் வைத்துவிட்டு ஆறடி தள்ளிப் படுத்துக்கொண்டு பார்த்தீர்கள் என்றால் யார் அழுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்றே தெரியாது. கை எட்டுகிற தூரத்தில் இருந்தால்தான் டேப்லெட் டிவியாகும். அந்தத் தூரத்தில் தோளோடு தோள் உரசி இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் வந்தால் அவருக்குப் பக்கவாட்டுக் காட்சிதான்.

இன்னொரு விஷயம், நம் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் அகலத்திரையில் எடுக்கப்பட்டவை. சதுரத்துக்குக் கிட்ட இருக்கும் ஐபேட் மாதிரித் திரையில் போட்டால் மேலும் கீழுமாக ஐந்தில் இரண்டு பங்கு கறுப்புதான். 16:10 என்று சொல்லப்படும் நீளவாட்டுத் திரையில் மூன்றில் ஒரு பங்குதான் வீணாகும். அதிலும் 11 அங்குலத் திரையில் படத்தின் உயரம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்தான் வரும், ஸ்கேலை எடுத்து வைத்துப் பாருங்கள், கொஞ்சம் திக்கென்று இருக்கும். படம் பார்க்க மட்டும் வாங்குவதாக இருந்தால் நீளவாட்டுத் திரையையே எடுங்கள், வரைவதற்கும் படிப்பதற்கும் மற்றது நல்லது.

கடையில் யாரும் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலிகள் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புத் தரம் இருந்தால்தான் எச்.டி. தெளிவில் படம் காட்டும். மலிவான சில டேப்லெட்டுகளில் எல்3தான் இருக்கும். திரை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் படம் 480பி அளவுக்கு மங்கலாகத்தான் வரும், நீங்கள் வைஃபையைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். லோ யாட் பிளாசாவில் வாங்கினால் காட்சிக்கு வைத்திருக்கும் டேப்லெட்டில் நெட்ஃபிளிக்ஸைத் திறந்து, செயலி அமைப்பில் ஒளிபரப்புத் தரம் பற்றிய பகுதியில் எல்1 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். ஏபி செட் (நிறுவனம் வழியாக வராமல் வெளிநாட்டிலிருந்து கடைக்காரர்களே இறக்கியது) என்று விலை குறைத்துச் சொல்வார்கள், அதற்குக் கடைக்காரர் வாரண்டிதான், மலேசிய நிறுவன வாரண்டி கிடைக்காது. தினமும் மூன்று நான்கு மணி நேரம் ஓடப்போகும் சாமானுக்கு அந்த மிச்சம் தேவையில்லை என்பது என் கட்சி.

டேப்லெட் வாங்கியது போக மிச்சம் இருக்கும் பணத்தை ஸ்டாண்டில் போடுங்கள். வளையும் கழுத்து மாதிரி இருப்பதை வாங்காதீர்கள், அரைக் கிலோ டேப்லெட்டை மாட்டினால் கட்டில் அசையும்போதெல்லாம் அதுவும் தலையாட்டும். கனமான அடிப்பாகமும் உயரம் கூட்டிக் குறைக்கும் தண்டும் இருக்க வேண்டும், திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக வர வேண்டும். மடியில் வைத்துக் குனிந்தே இரண்டு மணி நேரப் படம் பார்த்தால் மறுநாள் கழுத்து பதில் சொல்லும். சத்தத்துக்குச் சின்ன புளூடூத் ஸ்பீக்கர் போதும். அறைச் சுவர் மெல்லியது, பக்கத்து அறைக்காரர் நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறார் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு புளூடூத் ஹெட்ஃபோனுக்குச் சத்தம் அனுப்பும் வசதி சாம்சங்கில் இருக்கிறது. ஆப்பிளிலும் உண்டு, அங்கே ஏர்பாட்ஸ், பீட்ஸ் வகைகளாக இருக்க வேண்டும்.

*கேள்வி: மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், நாடகம் பார்க்காமல் அவருக்குப் பொழுது போகாது. பழைய டிவி கெட்டுவிட்டது. மகன், "டேப்லெட் வாங்கிக் கொடுத்துடலாம்மா, ஆஸ்ட்ரோ அதிலேயே வருது" என்கிறான். சரிப்படுமா? (வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு)*

ஆஸ்ட்ரோ என்ற கட்டண விண்கோள் டிவி, ஆஸ்ட்ரோ கோ செயலியில் வரும், ஆனால் அது சந்தா வைத்திருப்பவர்களுக்கு. சந்தாவை நிறுத்திவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று உங்கள் மகன் நினைத்தால் நடக்காது. அரசு ஒளிபரப்பு நிலையத்தின் ஆர்.டி.எம். கிளிக் செயலி இலவசம், டிவி2 தமிழ்ச் செய்திக்கு அது போதும். மழை வந்தால் தட்டு வேலை செய்யாது என்ற நம் ஊர்ப் பழைய அலுப்பும் இதில் இல்லை, ஏனென்றால் படம் இணையம் வழியாக வருகிறது. கே.யூ. என்னும் உயர் அலைவரிசையில் வரும் விண்கோள் சிக்னலைத்தானே கனமழை உறிஞ்சிவிடுகிறது.

ஆனாலும் மாமியாருக்கு டேப்லெட் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ரிமோட்டில் எண்ணை அமுக்கினால் சேனல் வரும் என்று பழகிய கை அது. செயலியைத் திறந்து, பாஸ்வேர்டு கேட்டால் போட்டு, அப்டேட் கேட்டால் ஒத்தி வைத்து, தெரியாமல் விரல் பட்டு விளம்பரத்துக்குள் போய் வெளியே வரத் தெரியாமல் "ஐயா, இங்க கொஞ்சம் வா" என்று பேரனை நாலு தடவை கூப்பிடுவார். ஐந்தாவது தடவை கூப்பிட மாட்டார், பேசாமல் உட்கார்ந்திருப்பார். பெரியவர்கள் பார்வைக்கு இரண்டடி தூரமும் தோதாக இருக்காது, வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் போட்டால் ஒரு மாதிரி, கழற்றினால் ஒரு மாதிரி. ஆயிரம் வெள்ளிக்குள் (ரிங்கிட்) 32 அங்குல டிவி தாராளமாகக் கிடைக்கிறது. 2019 அக்டோபர் 31-க்குப் பிறகு பழைய அனலாக் ஒளிபரப்பு நாட்டிலேயே இல்லை என்பதால் டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் டி.வி.பி.-டி2 டியூனர் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பெட்டியில் பாருங்கள். இருந்தால் ஓர் ஆண்டெனாவோடு மைஃப்ரீவியூ சேனல்கள் மாதக் கட்டணம் இல்லாமல் வரும்.

*கேள்வி: டேப்லெட்டை நாள் முழுக்க சார்ஜரிலேயே போட்டு வைத்துப் பார்த்தால் வெடித்துவிடும் என்கிறார்களே? (வாசகர், செந்தூல்)*

வெடிக்கும் என்று பயப்பட வேண்டாம், உப்பும் என்று கொஞ்சம் பயப்படலாம். லித்தியம் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: எந்நேரமும் 100 சதவீதத்தில் நிற்பது, சூடு. நம் ஊர் மத்தியான வெயிலில் ஜன்னலோரம் வைத்து, கூடவே சார்ஜும் ஏற்றி, படமும் ஓட்டினால் இரண்டும் சேர்ந்துவிடுகிறது. பல டேப்லெட்டுகளில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது, பேட்டரி பகுதியில் தேடிப் போட்டுவிடுங்கள். தடித்த உறையைக் கழற்றிவிட்டுக் காற்று படுகிற இடத்தில் வையுங்கள். திரை ஓரத்தில் இடைவெளி விட்டுத் தூக்கிக்கொண்டு வந்தால் அமுக்கிப் பார்க்காதீர்கள், சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கடைக்குக் கொண்டு போங்கள்.

*கேள்வி: வீட்டில் வைஃபை கிடையாது, ஹேண்ட்ஃபோன் ஹாட்ஸ்பாட்தான். தாங்குமா? (வாசகர், பாயான் பாரு)*

நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி சாதாரணத் தெளிவில் மணிக்கு 1 ஜிபி, எச்.டி.யில் 3 ஜிபி வரை. தினம் இரண்டு மணி நேரம் எச்.டி.யில் பார்த்தால் மாதம் 180 ஜிபி. அன்லிமிடெட் என்று எழுதியிருக்கும் திட்டத்திலும் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு இருக்கலாம், அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள். 11 அங்குலத் திரைக்கு நடுத்தரத் தெளிவே போதும். அலுவலக வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டு வந்து பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், உங்கள் மேலாளரிடம் நான் சொல்ல மாட்டேன்.

*கேள்வி: குளிர்பெட்டிக் கதவில் காந்த ஸ்டாண்டு வைத்து மாட்டலாமா? (வாசகி, கெப்போங்)*

கதவை ஓங்கிச் சாத்தும் பிள்ளைகள் இல்லாத வீடாக இருந்தால் மாட்டலாம்.

*கேள்வி: இப்போது டேப்லெட் வாங்கிவிட்டு, பிறகு பெரிய வீடு கிடைத்ததும் அதையே டிவியில் இணைத்துக்கொள்ளலாம் அல்லவா? (வாசகர், செராஸ்)*

எல்லா டேப்லெட்டிலும் முடியாது, ஓட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். யூ.எஸ்.பி. சி போர்ட் இருந்தாலே படம் வெளியே போகும் என்று அர்த்தமில்லை, டிஸ்ப்ளேபோர்ட் வசதி உள்ளே இருக்க வேண்டும். சாம்சங்கில் டேப் எஸ் வரிசையின் உயர்ரக டேப்லெட்டுகளில் இருக்கிறது, விலை குறைந்த டேப் ஏ9 பிளஸில் இல்லை. 2022-இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் சி போர்ட் வழியாகவே போகும். இது தவிர, நெட்ஃபிளிக்ஸின் மொபைல் திட்டம், 2019-இல் 17 வெள்ளிக்கு இங்கே வந்ததே அதுதான், கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும். டிவிக்கு மாறினால் திட்டத்தையும் மாற்ற வேண்டிவரும். சொல்லப்போனால் இணைய வசதியுள்ள டிவி வாங்கினால் டேப்லெட்டை இணைக்க வேண்டிய வேலையே இல்லை, செயலிகள் அதிலேயே இருக்கும். எப்படியும் இணைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் எச்.டி.எம்.ஐ. அடாப்டரைக் கடையிலேயே சொருகி, அவர்கள் டிவியில் படம் வருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். யூடியூப் வந்தால் போதும் என்று கிளம்பிவிடாமல், சந்தா செயலி ஒன்றையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், சில செயலிகள் வெளித்திரைக்குப் படத்தை அனுப்பாமல் சத்தத்தை மட்டும் அனுப்பும்.