குளிர்காலத்தில் காலை நடை எந்த நேரத்தில்?

கேள்வி: எனக்கு லேசான ஆஸ்துமா உண்டு. தினமும் காலை ஆறு மணிக்கு நடக்கப் போவேன். பால்கனியில் ஒரு சிறு கருவி வைத்திருக்கிறேன். கோடையில் அதே நேரத்தில் 40-ஐத் தாண்டாத பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள்கள்) அளவு, குளிர்காலத்தில் 120 வரை போகிறது. தெருவில் வண்டிகள் கூடியதாகத் தெரியவில்லை. மழை பெய்தால் குறைந்து, ஓரிரு நாளில் மறுபடி ஏறிவிடுகிறது. நேரத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: குளிர்காலத்துக்கு மட்டும் மாற்றுங்கள். புகை அதே அளவில் இருந்தாலும், அது பரவ இடம் குறைந்துவிடுகிறது. வெயில் நேரத்தில் சூடான தரையிலிருந்து எழும் காற்று, துகள்களை ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம் வரை கலந்துவிடும். மேகமும் காற்றும் இல்லாத குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிரும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிவிடும். மேலே இருக்கும் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். கலக்கும் உயரம் நூறு, இருநூறு மீட்டருக்குக்கூடச் சுருங்கலாம். 1952 டிசம்பரில் லண்டனில் நிலக்கரிப் புகை ஆயிரக்கணக்கானோரைப் பலிவாங்கியதற்கு, இப்படியொரு மூடி நாள்கணக்கில் விலகாததும் காரணம்.

சூரியன் வந்தவுடன் இந்த மூடி விலகாது. இரவெல்லாம் சேர்ந்ததோடு காலைப் போக்குவரத்தின் புகையும் சேரும். பெரும்பாலான நாட்களில் பத்து மணிக்கு மேல்தான் அளவு இறங்கத் தொடங்கும். பிற்பகலில் மிகவும் குறையும். அப்போது நடங்கள், ஜன்னலையும் அப்போதே திறந்துவையுங்கள். மாலையில் மூடிவிடுங்கள்.

கோடையில் இதைச் செய்யாதீர்கள். கடும் வெயிலில் பிற்பகல் தரையருகே ஓசோன் வாயு ஏறும், ஆஸ்துமாவுக்கு அது ஆகாது. அப்போது உங்கள் ஆறு மணி நடையே நல்லது.

மழை விஷயத்துக்கு வருவோம். பெரிய தூசியை மழை நன்றாகக் கழுவிவிடும். ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களோ, விழும் துளியைச் சுற்றி விலகும் காற்றோடு சேர்ந்து பெரும்பாலும் தப்பிவிடும். நீண்ட மழையும் கூடவே வரும் காற்றும்தான் அவற்றைக் குறைக்கும். தூறலை நம்பி வெளியே போக வேண்டாம். மழை விட்டாலும் புகை விடுவதில்லை, அதனால்தான் அளவு மறுபடி ஏறுகிறது.

உங்கள் கருவியைப் பற்றி ஒன்று. சிறிய லேசர் கருவிகள் துகளில் பட்டுச் சிதறும் ஒளியைத்தான் அளக்கின்றன. பனிமூட்டத்தில் துகள்கள் ஈரம் உறிஞ்சி உப்புவதால் எண் கூடுதலாகக் காட்டும். அருகிலுள்ள அரசுக் கண்காணிப்பு நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்காக 120-ஐ ஒதுக்கிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்த 24 மணி நேரச் சராசரி, ஒரு கன மீட்டர் காற்றுக்கு 15 மைக்ரோகிராம்தான். பாதி ஈரம் என்றே வைத்துக்கொண்டாலும் மீதி அதிகம்.

பகலில் நடக்க வழியே இல்லையா? அப்படியானால் முந்தைய இரவு வானிலை அறிக்கையைப் பாருங்கள். தெளிந்த வானம், அசையாத காற்று என்றால் மறுநாள் வீட்டுக்குள்ளேயே நடங்கள். நல்ல காற்று வீசும் என்றால் வழக்கம்போலக் கிளம்பலாம், இன்ஹேலர் மட்டும் கையில் இருக்கட்டும்.