பாடி கிட் மாட்டப் போகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பாடி கிட் என்றால் காரின் தோற்றத்தை மாற்ற மாட்டும் பாகங்கள்: புது பம்பர், அதன் அடியில் வரும் லிப், கதவுகளுக்குக் கீழே ஓடும் சைடு ஸ்கர்ட் போன்றவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் நீளம். அதில் தவறினால் மற்ற எதையும் சரிசெய்ய முடியாது.

கிட் கைக்கு வந்துவிட்டது. பெயின்டர், "கொடுத்துட்டுப் போங்க, கலர் அடிச்சு வைக்கிறேன், அப்புறம் மாட்டிக்கலாம்" என்கிறார். கொடுக்கலாமா சார்?

கொடுக்காதீர்கள். முதலில் வண்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். கம்பெனி பம்பர் எஃகு அச்சில் வார்த்தது, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் அளவு மாறாது. ஃபைபர் கிட் பெரும்பாலும் கண்ணாடி இழைப் பாயை ரெசின் என்னும் பசையில் நனைத்து, கையால் படியவைத்துச் செய்வது. ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிதாகவும் இருக்கும், ஓரமும் கொஞ்சம் வளைந்திருக்கும். அறுப்பதும் தேய்ப்பதும் இல்லாமல் அது உட்காராது. கலர் அடித்தபின் தேய்த்தால் திரும்பவும் கலர் அடிக்க வேண்டும். அறுத்த, கலர் அடித்த கிட்டை விற்றவரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்.

பழைய பம்பரைக் கழற்றிவிட்டு, இரண்டு பேர் இரு பக்கமும் புதியதைப் பிடித்துக்கொள்ள, நடு மவுண்டிங்கில் மட்டும் ஸ்க்ரூவை லேசாக மாட்டுங்கள். இறுக்க வேண்டாம். இப்போது பானெட் ஓரம், ஹெட்லைட்டின் அடிப்பக்கம், ஃபெண்டரை (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) தொடும் மூலை ஆகிய இடங்களில் இடைவெளியைப் பாருங்கள். இடமும் வலமும் ஒத்துவர வேண்டும். இடிக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் கோடு கிழித்து, கொஞ்சமாகத் தேய்த்துத் தேய்த்து வைத்துப் பாருங்கள். ஒரேயடியாக அதிகம் அறுத்துவிட்டால் அதைத் திரும்ப ஒட்டிச் சேர்ப்பது பெரிய வேலை. ஃபைபர் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் வேண்டும்.

ஸ்க்ரூவை முறுக்கி இழுத்தால்தான் சேருகிறதென்றால், அது இன்னும் உட்காரவில்லை என்று அர்த்தம். அந்த இழுப்பு முழுவதும் ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி நின்று, நாளாக ஆக அங்கிருந்தே நூல்போல விரிசல் ஓடும். வண்டி முன்பு அடிபட்டு எடுத்ததா என்றும் யோசியுங்கள். ஃபெண்டரே நகர்ந்திருந்தால் எந்தக் கிட்டும் நேராக நிற்காது. பாவம், பழி கிட் மேல் விழும். கழற்றும் முன்பே பழைய பம்பரின் இடைவெளிகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இந்தச் சந்தேகம் வராது.

எல்லாம் சரியென்று பட்டபின் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெயின்டரிடம் போக வேண்டும்.

ஃபைபர், பாலியூரித்தேன், ஏபிஎஸ் இதில் எது நல்லது அண்ணா?

தினமும் ஓட்டும் வண்டிக்கு நான் ரப்பர்போல வளையும் பாலியூரித்தேனைத்தான் சொல்வேன். எடை கூடுதல், ஆனால் வேகத்தடையில் தட்டினால் வளைந்துவிட்டுத் திரும்பும். பெட்டிக்குள் மடங்கிக் கோணலாக வந்திருந்தால் பயப்படாதீர்கள், மிதமாகச் சூடேற்றி நேராக்கிவிடலாம். ஏபிஎஸ் என்பது கெட்டியான பிளாஸ்டிக், அளவு சரியாக வரும், பலமாக அடிபட்டால் உடையும். ஃபைபர் சின்ன அடிக்கே விரியும், ஆனால் பாயும் ரெசினும் வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் ஒட்டிச் சரிசெய்யலாம். கார்பன் ஃபைபர் லிப் வாங்கினால் புற ஊதாக்கதிரைத் தாங்கும் கிளியர் கோட் கட்டாயம். இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சளித்துப் போகும்.

சைடு ஸ்கர்ட்டை டபுள் டேப்பிலேயே ஒட்டிவிடலாமா? வண்டியில் ஓட்டை போட மனசு வரவில்லை.

டேப் மட்டும் போதாது. மேல் ஓரத்துக்கு டேப், அடியில் ஸ்க்ரூ, இரண்டும் சேர்ந்தால்தான் நிற்கும். வேகத்தில் காற்று அடியிலிருந்து தூக்கும். கழன்று பறக்கும் ஸ்கர்ட் பின்னால் வருகிற பைக்காரரின் உயிருக்கு ஆபத்து.

டேப் ஒட்டுமிடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். மெழுகு பாலிஷ் துளி இருந்தாலும் பிடிக்காது. விஹெச்பி (VHB) எனும் பலமான டபுள் டேப்புக்கு 21 முதல் 38 டிகிரி செல்சியஸ் சூடு தோது. ஒட்டியபின் நன்றாக அழுத்துங்கள். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும், அதுவரை வாட்டர் வாஷ் வேண்டாம்.

ஓட்டை போட்டால் வெறும் தகடு தெரியும் ஓரத்தில் அப்போதே பிரைமரும் கலரும் தொட்டுவிடுங்கள். துரு அங்கேதான் ஆரம்பிக்கும். அடியில் தண்ணீர் வடியும் துளைகளையும் ஜாக்கி வைக்கும் இடத்தையும் ஸ்கர்ட் மூடக் கூடாது.

புது பம்பர் உட்கார, உள்ளே இருக்கும் தெர்மோகோல் மாதிரியான பாகத்தை எடுத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

கூடவே கூடாது. மோதும்போது அடியை உள்வாங்கத்தான் அந்த ஃபோம். சில வண்டிகளில் அதற்குள் ஒரு டியூப் ஓடும். ஆள் மேல் மோதினால் அதில் ஏறும் அழுத்தத்தை சென்சார் உணர்ந்து பானெட்டைத் தூக்கிவிடும். அதன் பின்னால் இருக்கும் இரும்பு பீமையும் தொடாதீர்கள். ஃபோமை எடுத்தால்தான் கிட் உட்காருமென்றால் அந்தக் கிட் உங்கள் வண்டிக்கானது இல்லை.

ரிவர்ஸ் சென்சார், ரேடார் எல்லாம் என்ன ஆகும்?

பார்க்கிங் சென்சாரைப் பழைய உயரத்தில், பழைய கோணத்தில் மாட்டினால் போதும். கீழ்நோக்கிச் சாய்ந்தால் தரையைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கும்.

ரேடார் விஷயம் வேறு. முன்னால் போகும் வண்டியைக் கவனிக்கும் ரேடார் பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்கிறது. அதன் எதிரே தடிமனான புட்டியோ, மெட்டாலிக் பெயின்ட்டைப் பல கோட்டோ போட்டால் அலை பலவீனமாகும். கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்துவதால் அதை அப்படியே தடுத்துவிடும். மாட்டியபின் காலிபரேஷன் (ரேடாரின் குறியைச் சரிபார்த்து அமைப்பது) செய்யாமல் தானியங்கி பிரேக்கை நம்பி ஓட்டாதீர்கள்.

லிப்பில் கலர் தோல் உரிவதுபோல உரிகிறது. பெயின்ட் மட்டமா?

பெயின்ட் மேல் தப்பிருக்காது. அச்சிலிருந்து சுலபமாக வர மெழுகு பூசியிருப்பார்கள். அதைக் கழுவாமல் பிரைமர் அடித்தால் உரியும். வளையும் பாகம் என்றால் பெயின்ட்டில் ஃப்ளெக்ஸ் (பெயின்ட் விரியாமல் வளைய உதவும் கலவை) கலக்க வேண்டும், பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் என்றால் முதலில் அட்ஹீஷன் புரமோட்டர் (பெயின்ட் ஒட்டிப் பிடிக்க உதவும் பூச்சு). எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுத்தான் திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

வைடு பாடி ஆசை. பின் ஃபெண்டரை அறுக்கலாமா?

பின்பக்கம் வெளித்தகடு, உள்தகடு என்று இரண்டு இருக்கும். அறுத்தால் இரண்டுக்கும் நடுவே வாய் திறந்துவிடும். அதை மடக்கி வெல்டிங் வைத்து, சீலர் பூசி மூடாவிட்டால் டயர் தெளிக்கும் தண்ணீர் நேரே பாடிக்குள் போகும். மேலே மாட்டும் அகல ஃபெண்டர் (ஓவர் ஃபெண்டர்) அந்தத் துருவை மறைத்துக்கொண்டே இருக்கும். வெல்டிங்கில் கை தேர்ந்தவர் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள். கழற்றினால் பழைய வண்டி திரும்ப வராது.

மாட்டியதிலிருந்து டிராஃபிக்கில் டெம்பரேச்சர் ஏறுகிறது.

பம்பரின் கீழ்வாயைப் பாருங்கள். அழகுக்கு அடைத்த வாயோ, நெருக்கமான வலையோ ரேடியேட்டருக்குக் காற்றை விடாது. பழைய பம்பரில் ரேடியேட்டரின் இரு பக்கமும் இருந்த பிளாஸ்டிக் தடுப்புகளைத் திரும்ப மாட்டினார்களா என்றும் பாருங்கள். அவை இல்லையென்றால் வந்த காற்றும் பக்கவாட்டில் நழுவிப் போய்விடும். சரிசெய்யும்வரை ஏசியைக் குறைத்து ஓட்டுங்கள், முள் சிவப்பைத் தொட்டால் இன்ஜினை அணைத்துவிடுங்கள்.