61 சுவிட்ச், 61 டயோடு: பிசிபி இல்லாமல் வீட்டிலேயே கீபோர்டு கட்ட

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலைக்காகத் தினமும் ஏழெட்டு மணி நேரம் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறேன். பிசிபி (சுவிட்சுகளை இணைக்கும் அச்சிட்ட சர்க்யூட் பலகை) வாங்காமல், கையாலேயே ஒயர் இழுத்து ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு கட்ட ஆசை. சால்டரிங் கொஞ்சம்தான் பழக்கம். கைக்கு அடக்கமாக 48 விசை போதும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டயோடு போடச் சொல்கிறார்கள். அது இல்லாமல் முடியாதா? நண்பர் ஒருவர் கட்டிய கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினால் இரண்டு எழுத்து விழுகிறது. எனக்கு அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்த 48 விசை யோசனையை விட்டுவிடுங்கள். ஆங்கிலம் மட்டும் அடிப்பவருக்கு அது சரிப்படும். உங்களுக்குச் சரிப்படாது. தமிழ்99இல் 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி என்று மொத்தம் 31 விசைகள் வேண்டும். ஆங்கில எழுத்து விசைகள் 26 போக, மீதி ஐந்தும் குறியீட்டு விசைகளில் உட்கார்ந்திருக்கின்றன. அரைப்புள்ளியில் ந, ஒற்றை மேற்கோளில் ய, சாய்கோட்டில் ழ, சதுர அடைப்புக்குறிகள் இரண்டில் ச-வும் ஞ-வும். நான்குக்குப் பன்னிரண்டு என்று அடுக்கும் 48 விசை கீபோர்டில் அந்தச் சதுர அடைப்புக்குறிகளுக்கு இடமே கிடையாது. ஞ-வை எப்போதாவதுதான் அடிப்போம், சமாளிக்கலாம். ச-வுக்கு என்ன செய்வீர்கள்? ‘சொல்’, ‘செய்’, ‘சரி’ என்று ஒவ்வொரு முறையும் இன்னொரு விசையைச் சேர்த்துப் பிடித்தால், ஒரு நாள் வேலையில் விரல் களைத்துப்போகும்.

அதனால் 61 விசை கொண்ட, ‘60 சதவீதம்’ என்று சொல்லப்படும் வழக்கமான அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 31 விசைகளும் பழகிய இடத்திலேயே இருக்கும். அகலம் 28.6 செ.மீ.க்குள் அடங்கிவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலருக்கு இதில் சந்தேகம் உண்டு. கீபோர்டுக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. ‘இந்த இடத்து விசை அழுத்தப்பட்டது’ என்பதற்கான ஒரு எண்ணை மட்டும்தான் அது அனுப்புகிறது. அந்த எண்ணை ‘க’ ஆக்குவது உங்கள் கணினியில் இருக்கும் தமிழ்99 மென்பொருள். கீபோர்டுக்குள் சாதாரண ஆங்கில அமைப்பைப் போட்டாலே போதும்.

இனி டயோடுக்கு வருவோம். 61 சுவிட்சுக்கும் தனித்தனி ஒயர் இழுத்தால் 61 பின் (ஒயர் இணைக்கும் முனை) உள்ள கன்ட்ரோலர், அதாவது விசைகளைப் படித்துக் கணினிக்குச் சொல்லும் சின்னப் பலகை, தேவைப்படும். அதைத் தவிர்க்கத்தான் சுவிட்சுகளை, பள்ளிக் கணக்கில் படித்த அணி மாதிரி நிரைகளாகவும் (குறுக்கு வரிசை) நிரல்களாகவும் (நெடுக்கு வரிசை) கோக்கிறோம். 5 நிரை, 14 நிரல், ஆக மொத்தம் 19 பின். கன்ட்ரோலர் ஒவ்வொரு நிரையாகத் தட்டி, ‘உன்னிடம் எந்த நிரலில் விசை அழுத்தப்பட்டிருக்கிறது?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான முறை இந்தச் சுற்று முடிந்துவிடும்.

டயோடு இல்லாமல் இதே கட்டமைப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மேல் நிரையில் ஆ, ஈ இரண்டும் பக்கத்துப் பக்கத்து விசைகள். அவற்றுக்குக் கீழ் நிரையில் அ, இ. நான்கும் சேர்ந்து ஒரு செவ்வகம். இதில் ஆ, அ, இ மூன்றையும் ஒரே நேரத்தில் அழுத்தினால், மின்சாரம் ‘இ’ வழியாகக் கீழ் நிரைக்குப் போய், அங்கிருந்து ‘அ’ வழியாக முதல் நிரலில் ஏறி, ‘ஆ’ வழியாக மேல் நிரைக்கு வந்துவிடும். கன்ட்ரோலருக்கு அது ‘ஈ’ அழுத்தியது போலவே தெரியும். நீங்கள் ஈ பக்கமே போயிருக்க மாட்டீர்கள், திரையில் ஈ நிற்கும். இதைத்தான் ‘கோஸ்டிங்’ என்கிறார்கள். மூன்று விசையை யார் ஒன்றாக அழுத்தப் போகிறார்கள் என்று தோன்றலாம். வேகமாக அடிப்பவர்களின் விரல் ஒரு விசையை விடும் முன்பே அடுத்தது இறங்கிவிடும். அதோடு ஷிஃப்டும் சேர்ந்தால் மூன்று ஆகிவிட்டது. டயோடு ஒரு வழிப்பாதை. சுவிட்சுக்கு ஒன்று போட்டால் இந்தச் சுற்றுவழி அடைபடும். 1என்4148 என்ற சின்னக் கண்ணாடி டயோடு போதும், விலையும் அற்பம். 61 வேண்டுமென்றால் 100 வாங்கிவிடுங்கள். டயோடு இல்லாமல் கட்ட வேண்டாம் என்பதுதான் உங்கள் கேள்விக்கு என் பதில்.

கன்ட்ரோலருக்கு ராஸ்பெர்ரி பை பிகோ வாங்குங்கள். வெளியே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய 26 பின் அதில் உண்டு. பழைய கையேடுகளில் ப்ரோ மைக்ரோ என்று இருக்கும். அதில் 18 பின்தான். நமக்கு 19 வேண்டும், ஒன்று இடிக்கும்.

சுவிட்சு அவரவர் விரலுக்கு ஏற்ற விஷயம். ஏழெட்டு மணி நேரம் அடிப்பவருக்கு 45 கிராம் அளவிலான மென்மையான சிவப்பு வகையைச் சொல்வேன். நீல வகை ஒவ்வொரு தட்டுக்கும் ‘டிக்’ என்று சத்தம் போடும், வீட்டில் மற்றவர்கள் தூங்க வேண்டும். செர்ரி நிறுவனத்துச் சுவிட்சுதான் வேண்டும் என்றில்லை. அதே அளவில் வரும் கேட்ரான், கைல், அவுட்டெமு எல்லாமே இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும்.

சுவிட்சுகளைத் தாங்க ஒரு தகடு வேண்டும். ஒரு சுவிட்சின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19.05 மி.மீ., ஓட்டை 14 மி.மீ. சதுரம், தகட்டின் தடிமன் 1.5 மி.மீ. இந்த மூன்றும் மாறக்கூடாது. இணையத்தில் கிடைக்கும் கீபோர்டு லேஅவுட் எடிட்டரில் அமைப்பை வரைந்து, அதைத் தகடு வரைபடமாக மாற்றித் தரும் கருவியில் கொடுத்தால், லேசர் கட்டிங் கடைக்குக் கொண்டுபோகும் கோப்பு கிடைத்துவிடும். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் 3 மி.மீ. அக்ரிலிக் சுலபமாக வெட்டித் தருவார்கள். ஆனால் அந்தத் தடிமனில் சுவிட்சின் கொக்கி பிடிக்காது, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஹாட் குளூ வைக்க வேண்டியிருக்கும். முடிந்தால் உலோகத் தகடே போடுங்கள். எதில் வெட்டினாலும், ஒரே ஒரு ஓட்டையை முதலில் வெட்டி, சுவிட்சு ‘டக்’கென்று உட்காருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மீதி 60. பேக்ஸ்பேஸ், என்டர், இரண்டு ஷிஃப்டு, ஸ்பேஸ்பார் ஆகிய ஐந்து நீள விசைகளுக்கும் ஓரத்தில் தட்டினாலும் சாயாமல் இறங்கவைக்கும், தகட்டில் பொருத்தும் ஸ்டெபிலைசர் வேண்டும். அதை ஒயர் இழுப்பதற்கு முன்பே மாட்டிவிடுங்கள், பிறகு கை நுழையாது.

இனி சால்டரிங். ஒரு சுவிட்சுக்கு மூன்று பற்று (ஈயம் வைத்த இணைப்பு): டயோடு சுவிட்சோடு, டயோடு நிரையோடு, நிரல் ஒயர் சுவிட்சோடு. 61க்கு 183. பிகோவுக்குப் போகும் 19 ஒயருக்கு இரண்டு முனை, 38. ஆக 221 பற்று. எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதல் இருபதிலேயே கை பழகிவிடும்.

தகட்டைக் கவிழ்த்து வையுங்கள். கவிழ்த்ததும் இடம் வலமாக, வலம் இடமாக மாறிவிடும். மார்க்கரால் நிரல் எண்களைத் தகட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். டயோடின் கறுப்பு வளையம் இல்லாத காலை ஒரு கோணி ஊசியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் சின்ன வளையம் கிடைக்கும். அதைச் சுவிட்சின் ஒரு காலில் மாட்டிப் பற்றவையுங்கள். இரண்டு காலில் எதைத் தேர்ந்தாலும் சரி, 61 சுவிட்சுக்கும் அதே காலாக இருக்கட்டும். கறுப்பு வளையம் உள்ள காலை மடக்கி, நிரை ஓடும் திசையில் படுக்கவையுங்கள். அது பெரும்பாலும் பக்கத்து டயோடின் காலைத் தொடும். அங்கே ஒரு பற்று. இப்படியே போனால் டயோடின் கால்களே நிரை ஒயர் ஆகிவிடும், தனி ஒயர் தேவையில்லை. ஸ்பேஸ்பார் மாதிரி இடைவெளி அதிகமுள்ள இடத்தில் மட்டும் ஒரு துண்டுக் கம்பி கொடுங்கள்.

அயர்ன் முனை 350 டிகிரிக்குள் இருக்கட்டும். இரண்டு உலோகத்தையும் முனையால் ஒன்றாகத் தொட்டு, இரண்டு எண்ணும் நேரம் சூடாக்கி, ஈயத்தை அயர்னில் வைக்காமல் அந்த இணைப்பில் வையுங்கள். ஈயம் கூடாரம் போலச் சரிந்து இறங்கினால் நல்ல பற்று. மணி மாதிரி உருண்டு நின்றால் டிரை சால்டர், இன்று வேலை செய்யும், அடுத்த வாரம் விட்டுப்போகும். நான்கு நொடிக்கு மேல் ஒரே காலைச் சூடாக்காதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் இளகிக் கால் சாய்ந்தால் அந்தச் சுவிட்சு போனதுதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஒரு நிரை முடிந்ததும் நிறுத்துங்கள். உங்களிடம் மன்றாடிக் கேட்பது இந்த ஒன்றைத்தான். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, கறுப்பு முனையை நிரையிலும் சிவப்பு முனையைச் சுவிட்சின் டயோடு இல்லாத காலிலும் வைத்து, விசையை அழுத்துங்கள். 0.6 வோல்ட் சுமாருக்கு ஒரு எண் வர வேண்டும். விட்டால் மறைய வேண்டும். அழுத்தியும் எண் வரவில்லை என்றால் டயோடு தலைகீழாக இருக்கிறது, அல்லது பற்று சரியில்லை. நான் முதலில் கட்டியதில் இந்தச் சோதனையைக் கடைசிக்கு வைத்தேன். ஒரே ஒரு டயோடு திரும்பியிருந்தது, நடு நிரையில். அதைக் கழற்ற, மேலே ஓடிய மூன்று நிரல் ஒயர்களைப் பிரிக்க வேண்டியதாயிற்று. ஒரு மாலை முழுக்கப் போனது.

நிரல்கள் நிரைகளின் மேலே குறுக்காகப் போகும். அதனால் மேலுறை உள்ள ஒயர்தான் வேண்டும். வீட்டில் பழைய லேன் கேபிள் கிடந்தால் அறுத்துப் பாருங்கள், உள்ளே எட்டு ஒயர்கள் இருக்கும். அவை பல இழையாக இல்லாமல் ஒற்றைக் கம்பியாக இருந்தால் வளைத்த வடிவத்தில் நிற்கும், இந்த வேலைக்கு அவ்வளவு பொருத்தம். மேலுறையை முழுசாக உருவி, 13 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, கம்பியில் மணி கோப்பது போலத் திரும்பக் கோத்துவிடுங்கள். இரண்டு துண்டுக்கு நடுவில் தெரியும் வெறுங்கம்பி சுவிட்சின் காலில் பற்றும், உறை உள்ள பகுதி நிரையைத் தாண்டிப் போகும். பிகோவுக்குப் போகும் 19 ஒயருக்கு மட்டும் பல இழை உள்ள மெல்லிய ஒயர். ஒற்றைக் கம்பி நாலைந்து முறை மடங்கினால் முறிந்துவிடும்.

உங்கள் நண்பரின் கீபோர்டு விஷயம் அநேகமாக இங்கேதான். அவரிடம் ஒன்று கேளுங்கள்: இரண்டாக விழுவது ஒரே எழுத்தா, வெவ்வேறா? க அடித்தால் ‘கப’ என்று வந்து, அதே இரண்டு நிரலில் உள்ள மற்ற விசைகளும் அப்படியே ஜோடியாக விழுந்தால், அந்த இரண்டு நிரல் ஒயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் பிகோ பக்கம் பின்களுக்கு நடுவே வழிந்த ஈயமாக இருக்கும். ‘கக’ என்று ஒரே எழுத்து இரட்டித்தால் ஒயரைச் சந்தேகிக்க வேண்டாம். அது சுவிட்சின் தொடுமுனை துள்ளுவதால் வருவது, அல்லது டிரை சால்டர். ஃபர்ம்வேரில் (கன்ட்ரோலருக்குள் ஓடும் மென்பொருள்) டிபவுன்ஸ் நேரத்தை, அதாவது துள்ளல் அடங்கக் காத்திருக்கும் நேரத்தை, கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். யாரும் தொடாமலே ஒரு எழுத்து ஓடிக்கொண்டே இருந்தால், நிரல் ஒயர் நிரையின் வெறுங்கம்பியைத் தொடுகிறது என்று பொருள். உங்களுக்கு இப்படி நிரல்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, பிகோவைப் பற்றவைக்கும் முன்பும் பற்றவைத்த பிறகும் பக்கத்துப் பக்கத்து நிரல்களை மல்டிமீட்டரின் பீப் நிலையில் தொட்டுப் பாருங்கள். எந்த ஜோடியிலும் பீப் கேட்கக் கூடாது.

பிகோவில் பின்களின் பெயர் அடிப்பக்கம் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்தே ஒயரை வையுங்கள், பலகையின் ஓரத்திலிருந்து எண்ணிக்கொண்டு போகாதீர்கள். மூன்றாவது பின் கிரவுண்டு, நான்காவதுதான் ஜிபி2. 5 வோல்ட் வரும் விபஸ் பின்னின் பக்கம் எந்த ஒயரும் போகக் கூடாது.

ஃபர்ம்வேருக்கு முதலில் கேஎம்கே (KMK) போடுங்கள். பூட்செல் பொத்தானை அழுத்தியபடி பிகோவைக் கணினியில் செருகினால் ஒரு பென்டிரைவ் போலத் தெரியும். அதில், கேஎம்கே ஓடுவதற்கு அடிப்படையான சர்க்யூட்பைத்தான் கோப்பை இழுத்துப் போட்டு, பிறகு கேஎம்கே கோப்புகள். பின் வரிசையைத் திருத்திச் சேமித்த அடுத்த நொடியே கீபோர்டு மாறியிருக்கும். இடம் வலம் மாறிப்போயிருந்தாலும் நிரல் பட்டியலைத் திருப்பி எழுதினால் முடிந்தது, ஒயரைத் தொட வேண்டாம். டயோடின் திசையைக் கேட்கும் இடத்தில், நாம் கறுப்பு வளையத்தை நிரைப் பக்கம் வைத்ததால், ‘கால்-டு-ரோ’ (COL2ROW, நிரலிலிருந்து நிரைக்கு) என்று கொடுங்கள். எல்லா டயோடையும் நீங்கள் எதிர்ப்பக்கமாக வைத்திருந்தாலும் கவலையில்லை, இந்த ஒரு சொல்லை மாற்றினால் போதும். எல்லாம் சரியாக ஓடிய பிறகு, விருப்பம் இருந்தால் க்யூஎம்கே (QMK) என்ற இன்னொரு ஃபர்ம்வேருக்கு மாறிக்கொள்ளுங்கள்.

மூடுவதற்கு முன் ஒரு வாரம் திறந்தபடியே வைத்து வேலை செய்யுங்கள். ஏதாவது பற்று விடுவதென்றால் அந்த வாரத்திலேயே விட்டுவிடும். பிறகு பிகோவின் யுஎஸ்பி முனையைச் சுற்றியும், 19 ஒயர் சேரும் இடத்திலும் ஹாட் குளூ வைத்து, கேபிளை இழுத்தாலும் ஈயத்தில் இழுவை விழாதபடி செய்துவிடுங்கள். தகட்டுக்குக் கீழே 15 மி.மீ. உயரமாவது உள்ள பெட்டி, நாலு மூலைக்கு ரப்பர் கால். கீகேப் வாங்கும்போது எஃப், ஜே இரண்டிலும் மேடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் இடது சுட்டுவிரல் புள்ளியையும் வலது சுட்டுவிரல் ப-வையும் பார்க்காமலே கண்டுபிடிப்பது அந்த மேட்டால்தான்.