மூன்று மருந்துக்கும் அடங்காத வலிப்பு: அறுவைச் சிகிச்சைக்குப் போகலாமா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. மூன்று வயதிலிருந்து வலிப்பு வருகிறது. பெரும்பாலும் தூக்கத்தில் தலை இடப்பக்கம் திரும்பி, இடக்கை விறைத்து, அரை நிமிடத்தில் அடங்கிவிடும். மூன்று மருந்துகள் கொடுத்தும் வாரத்துக்கு நான்கைந்து முறை வருகிறது. முதல் எம்.ஆர்.ஐ.யில் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். அண்மையில் எடுத்ததில் வலது முன்மூளையில் 'ஃபோக்கல் கார்ட்டிகல் டிஸ்பிளாசியா' என்று எழுதியிருக்கிறார்கள். கருவுற்றிருந்தபோது நான் வழுக்கி விழுந்ததுதான் காரணமா? நான்காவது மருந்தைப் பார்க்கலாமா, அறுவைச் சிகிச்சைக்குப் போகலாமா?

பதில்: நீங்கள் விழுந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை, அந்தக் குற்ற உணர்வை முதலில் இறக்கி வையுங்கள். கருவில் மூளையின் ஆழத்தில் பிறக்கும் நரம்பணுக்கள் மேற்பரப்பை நோக்கி நகர்ந்து ஆறு அடுக்குகளாக அமைய வேண்டும். உங்கள் மகனுக்கு ஒரு சிறு பகுதியில் அந்த அடுக்கு குலைந்திருக்கிறது; ஃபோக்கல் கார்ட்டிகல் டிஸ்பிளாசியா என்பது இதுதான். கரு உருவான பின் சில அணுக்களில் மட்டும் தானாக நேரும் மரபணு மாற்றமே இதற்குப் பல வேளைகளில் காரணமாக இருக்கிறது. மூளை மடிப்பின் அடியில் ஒளிந்திருக்கும் சிறிய குறைபாடு முதல் எம்.ஆர்.ஐ.யில் கண்ணில் படாமல் போவதும் அடிக்கடி நடப்பதுதான்.

மருந்து ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. வலிப்பு மருந்து மின்தூண்டலைத் தணிக்குமே தவிர, தவறாக அமைந்த திசுவைச் சீராக்காது. அந்தத் திசுவோ தானே வலிப்பைக் கிளப்பக்கூடியது. வலிப்பு நோய்க்கான பன்னாட்டுச் சங்கம் 2010-இல் வகுத்த வரையறைப்படி, பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் ஒழுங்காகக் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. 'போதிய அளவில்' என்ற சொல்லைக் கவனியுங்கள்: மூன்று வயதில் எழுதிய அளவையே எடை கூடிய பின்பும் கொடுத்துவரும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அளவு சரியாகவே இருந்தது என்றால், நான்காவது மருந்தால் வலிப்பு முற்றிலும் நிற்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

ஆகவே, வலிப்பு அறுவைச் சிகிச்சை செய்யும் மையத்தில் இப்போதே மதிப்பீட்டுக்குக் காட்டுங்கள் என்பதே என் கருத்து. மதிப்பீட்டுக்குச் சம்மதிப்பது அறுவைக்குச் சம்மதிப்பது ஆகாது. குழந்தையைச் சில நாள் சேர்த்து வைத்து, வலிப்பு வரும் நேரத்திலேயே வீடியோ இ.இ.ஜி. (மூளையின் மின்செயல்பாட்டையும் குழந்தையின் அசைவையும் சேர்த்துப் பதியும் சோதனை) பதிவு செய்து, வலிப்பு தொடங்கும் இடமும் படத்தில் தெரியும் குறைபாடும் ஒன்றுதானா என்று பார்ப்பார்கள். தேவையானால் மூளையின் எப்பகுதி எவ்வளவு சர்க்கரையைப் பயன்படுத்துகிறது என்று காட்டும் பெட் ஸ்கேனும், மூளைக்குள் மெல்லிய மின்முனைகளைச் செலுத்தும் பரிசோதனையும் சேரும். இடக்கையை இயக்கும் பகுதி எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதுதான் உங்கள் மகனைப் பொறுத்தவரை முதன்மையான கேள்வி. அறுவைக்குப் பின் கை பலவீனமாகும் ஆபத்து அதைப் பொறுத்தே அமையும்.

பலன் எப்படி? 2017-இல் வெளியான, 116 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், அறுவை செய்துகொண்டோரில் 77 சதவீதத்தினர் ஓராண்டு முடிவில் வலிப்பின்றி இருந்தனர். மருந்தை மட்டும் தொடர்ந்தோரில் 7 சதவீதத்தினர். அவர்கள் எல்லோருக்கும் உங்கள் மகனின் குறைபாடு இல்லை என்பதால் அந்த எண்ணை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. குறைபாட்டை முழுவதுமாக அகற்ற முடிந்ததா என்பதே முடிவைப் பெரிதும் தீர்மானிக்கும். அறுவைக்குப் பின்னும் சில காலம் மருந்து தொடரும். அறுவை பொருந்தாது என்று தெரிந்தால் கொழுப்பு மிகுந்து மாவுச்சத்து குறைந்த கீட்டோஜெனிக் உணவுமுறையும், கழுத்து வழியே மூளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவியும் இருக்கின்றன. இவை வலிப்பைக் குறைக்கும், அரிதாகவே முற்றிலும் நிறுத்தும்.

அதுவரை மருந்தை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் வலிப்பை உடனே நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் என்ற மருந்தைக் கொடுக்கலாமா, எவ்வளவு என்று உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள். அடுத்த முறை வலிப்பு வரும்போது, ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் போர்வையை விலக்கி இரு கைகளும் முகமும் தெரியும்படி கைபேசியில் வீடியோ எடுங்கள். எந்தக் கை முதலில் விறைத்தது என்பது மதிப்பீட்டில் மிகவும் பயன்படும்.